ஸ்டீயரிங் தோலும் சில ரேகைகளும்

எங்கள் வீட்டுக்குக் கார் வந்தது 2022ஆம் ஆண்டுத் தை மாதத்தில். புதிய கார் அல்ல; வேறொருவர் ஆறு ஆண்டுகள் ஓட்டிக் கைமாற்றிய வண்டி. நாங்கள் என்பது அண்ணன் தம்பி இருவர். மூத்தவன் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவன், இதை எழுதுகிறவனும் அவனே. இளையவன் வங்கியில் கணக்குப் பார்க்கிறவன். வேலூரில் ஒரே வீட்டின் மாடியிலும் கீழுமாகக் குடியிருக்கிறோம். கீழ்வீட்டில் அப்பாவும் அம்மாவும். காரின் தவணையையும் பெட்ரோலையும் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொள்வது என்பது உடன்பாடு. பதினொரு வண்டிகளைப் பார்த்துவிட்டு இந்த ஒன்றைத் தேர்ந்ததற்கு இயந்திரத்தின் நலம், ஓடிய தூரம் என்று வீட்டில் பல காரணங்கள் சொன்னோம். சொல்லாத காரணம் ஸ்டீயரிங். கறுப்புத் தோலால் சுற்றிப் பொதிந்து, உள்வட்டம் முழுக்க நூலால் பின்னித் தைத்த ஸ்டீயரிங். அது கண்ணாடிபோல் மின்னியது. மற்ற பத்து வண்டிகளிலும் வெறும் பிளாஸ்டிக்.

அந்த மின்னல் தோலின் இயல்பு என்றே நம்பினோம். பழைய உரிமையாளர் எவ்வளவு பேணியிருக்கிறார் என்று அவரை வியக்கவும் செய்தோம். உண்மையில் நல்ல நிலையில் இருக்கும் கார்த் தோல் மின்னாது. மங்கலாக, தொட்டால் உலர்ந்ததாக, புதிதாக மை பூசிய கரும்பலகைபோல இருக்கும். மின்னுவது பல ஆண்டுக் கைவியர்வையும் கைக்கொழுப்பும் தூசும் சேர்ந்து இறுகிய அழுக்கு. இந்த எளிய செய்தி எங்களுக்குப் பிடிபட ஒன்றரை ஆண்டும் ஒரு மலைப்பாதையும் தேவைப்பட்டன.

தமிழ் படித்தவனுக்கு உரிய நோய் ஒன்று உண்டு. எந்தப் பொருளைத் தொட்டாலும் முதலில் அதன் சொல்லைத்தான் தொடுவான். தொல்காப்பியச் செய்யுளியல் வகுக்கும் எட்டு வனப்புகளுள் ஒன்றின் பெயர் தோல். சங்கப் பாடல்களில் தோல் என்றால் கேடயம். யானைக்கும் அது பெயர். இத்தனையையும் வகுப்பில் மூச்சுவிடாமல் சொல்லத் தெரிந்தவனுக்கு, முதல் கோடையிலேயே ஸ்டீயரிங் ஏன் உள்ளங்கையில் பிசினாய் ஒட்டுகிறது என்பது மட்டும் தெரியவில்லை.

வேலூர் வெயிலைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. கல்லூரியில் வண்டி நிறுத்துமிடத்தின் மரமிருக்கும் பக்கம் மூத்த பேராசிரியர்களுக்கு உரியது, எழுதப்படாத விதி. மரமில்லாத பக்கத்தில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் மே மாத நண்பகலில் வெப்பம் 60 பாகையைத் தொடுவது அரிதல்ல. முன்கண்ணாடிக்குக் கீழே நேராக வெயில் வாங்கும் பொருள்களுள் ஸ்டீயரிங்கின் மேல்வட்டம் முதன்மையானது. வண்டியின் கதவுப்பையில் கைத்தூய்மித் திரவமும் இருந்தது. 2020இல் வந்த பழக்கம். நோய் போனபின்னும் பழக்கம் போகவில்லை. அதைக் கையில் தேய்த்து, உலரும் முன்பே ஸ்டீயரிங்கைப் பிடிப்பது இளையவனின் வாடிக்கை. அதிலுள்ள ஆல்கஹால் தோலின் மேற்பூச்சை இளக்கும் என்பதை யார் நினைத்தார்கள்?

ஒட்டுவதற்கு மருந்து தேடினோம். மூத்தவன் தேங்காய் எண்ணெய் தடவினான். தோல் வறண்டால் எண்ணெய் என்பது அவனுடைய இலக்கணம். இரண்டு நாள் பளபளப்பு, மூன்றாம் நாள் முன்னைவிடப் பிசுபிசுப்பு. இளையவன் கார் அலங்காரக் கடையில் கேட்டான். மேலே ஓர் உறை மாட்டிவிட்டால் தீர்ந்தது என்றார்கள். உறை வேண்டாம் என்றதும் ஒரு தெளிப்பான் புட்டியைக் கொடுத்தார்கள். அதைத் தெளித்துத் துடைத்ததும் ஸ்டீயரிங் வாங்கிய நாளினும் அதிகமாக மின்னியது. ஒட்டலும் நின்றது. அந்த வார இறுதியில் எல்லோருமாக ஏலகிரிக்குப் புறப்பட்டோம்.

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். தமிழ் நடத்துகிறவன் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு சிற்றுரை ஆற்றிக்கொண்டே வந்தான். இளையவன் ஓட்டினான். பாதி மலையில், ஒரு வளைவில் அவன் ஸ்டீயரிங்கை ஒடித்தபோது கை வழுக்கியது. ஒரு கணம்தான். சக்கரம் நடுக்கோட்டைத் தாண்டிவிட்டது. எதிரே இறங்கிக்கொண்டிருந்த பேருந்தின் ஓட்டுநர் எப்படியோ நிறுத்தினார். நிறுத்திவிட்டுத் தம் தலையிலேயே அடித்துக்கொண்டார். பின்னிருக்கையில் அப்பா, அம்மா, அவர்கள் நடுவில் இளையவனின் ஏழு வயது மகள். அது எந்தப் புலவரின் வளைவு என்பதை மூத்தவன் இன்றுவரை வெளியில் சொல்வதில்லை. அவர்மீது அவனுக்குப் பெருமதிப்பு உண்டு.

அடுத்த அகன்ற இடத்தில் வண்டியை ஓரம் கட்டினோம். இளையவனின் கைகள் நடுங்கின. அப்பா இறங்கி வந்து, சன்னல் வழியாகக் கையை நீட்டி ஸ்டீயரிங்கைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

“இன்னாடா தடவி வச்சிருக்கீங்க?”

இளையவன் புட்டியைக் காட்டினான்.

“சிலிக்கானு. ஃபினிஷிங்ல கை வழுக்கணும்னே இதப் போடுவோம். பைக்கு போடலாம், ஜாக்கெட்டுக்குப் போடலாம். புடிச்சி ஓட்டறதுக்கு எவனாவது போடுவானா?”

துண்டை ஈரமாக்கித் தாமே அழுத்தித் துடைத்துக் கொடுத்தார். மலையில் மீதமிருந்த வளைவுகளை மெதுவாக ஏறினோம். சிற்றுரைகள் நின்றுவிட்டன. நின்றது அச்சத்தால் மட்டுமல்ல. எங்களுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா எங்களிடம் தோலைப் பற்றிப் பேசிய முதல் வாக்கியங்கள் அவை.

அப்பா வாணியம்பாடிப் பக்கத்துக்காரர். 1973இல், பதினேழு வயதில் டேனரிக்குப் போனார். அப்போது அங்கே குழிப் பதனம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் தோலை நாள்கணக்கில் போட்டு, எடுத்து, மிதித்துப் பதப்படுத்தும் பழைய முறை. பட்டைத்தோல் சிவந்த பழுப்பு நிறம். சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிய ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயர்பெற்ற சரக்கு அதுதான். 1970களில், பாதிப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலையும் செருப்பையும் ஊக்கப்படுத்தியபின் எங்கும் குரோம் வந்தது. குழிகள் போய் மரப்பீப்பாய்போல் சுழலும் டிரம்கள் வந்தன. குரோமில் பதனிட்டு வெளிவரும் ஈரத்தோல் வெளிர்நீலமாக இருக்கும். அப்பா சுண்ணாம்புத் தொட்டியில் தொடங்கி, டிரம்முக்குப் போய், கடைசிப் பத்து ஆண்டுகள் மேற்பூச்சுப் பிரிவில் இருந்து 2009இல் நின்றுகொண்டார்.

இவையெல்லாம் எங்களுக்கு அண்மையில் தெரிந்தவை. சிறுவயதில் தெரிந்தது நாற்றம் மட்டும். சுண்ணாம்பும் அழுகலும் கலந்த அந்த வாடை அப்பாவின் சட்டையில் மட்டுமன்றி எங்கள் பாடநூல்களிலும் ஏறியிருக்கிறது என்பதை மற்றப் பிள்ளைகள் சொல்லித்தான் அறிந்தோம். எங்கள் தெருவின் பெயரைச் சொன்னால் தொழில் தெரிந்துவிடும்; தொழில் தெரிந்தால் மற்றதும் தெரிந்துவிடும். எனவே தெருவின் பெயரைச் சொல்லாமலிருக்கப் பழகினோம். அம்மா வீட்டிலிருந்தே ஷூவுக்கான மேல்தோலைக் கையால் தைத்துக் கொடுப்பவர். இடைத்தரகர் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. பள்ளித் தோழன் எவனாவது வாசலில் நிழலாடினால் நாங்கள் செய்யும் முதல் வேலை அந்த மூட்டையைக் கட்டிலுக்கடியில் தள்ளுவது. அம்மா ஒன்றும் சொன்னதில்லை. அவன் போனபிறகு தாமே குனிந்து இழுத்துக்கொள்வார்.

வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் பாலாற்றை மாசுபடுத்திய வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை நம் சட்டத்தில் வேரூன்றியது அந்தத் தீர்ப்பால் என்று பின்னாளில் படித்தோம். தேவையான தீர்ப்பு. எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. ஆனால் அந்த ஆண்டு எங்கள் நினைவில் இருப்பது, அப்பா வேலையின்றித் திண்ணையில் உட்கார்ந்திருந்த வாரங்கள்தாம். 2025 ஜனவரியில் அதே மாசு, அதே ஆறு, அதே ஈட்டுத்தொகை குறித்து உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஆணையிட வேண்டியிருந்தது. இடையில் 28 ஆண்டுகளுக்கு மேல். இதைப் பற்றித் தனியே எழுத வேண்டும், இங்கே நிறுத்துகிறோம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர் வாழ்வைச் சொல்வது டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல். 2012இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. அதை மூத்தவன் வகுப்பில் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறான். நன்றாகவே நடத்தியதாக மாணவர்கள் சொல்வார்கள். யதார்த்தவாதம், வர்க்கம், சாதி, வட்டார வழக்கு எல்லாம் பேசினான். சுண்ணாம்புக் குழியில் நிற்பவனின் காலைப் பற்றிப் பேசும்போது அவன் குரல் கம்மும். அது நாவலின் வெற்றி என்று மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். ‘என் அப்பா’ என்று தொடங்கும் ஒரு வாக்கியம் அத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்த வகுப்பில் உச்சரிக்கப்படவில்லை.

நிற்க. ஏலகிரியிலிருந்து திரும்பிய மறுஞாயிறு, காலை வெயில் ஏறுமுன் அப்பா எங்கள் இருவரையும் காரருகே அழைத்தார். ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீர், பேத்தியின் ஷாம்பு, அவளுடைய பழைய மென்மையான பல்துலக்கி, வெளுத்த பருத்தித் துணிகள் நான்கு கேட்டார்.

“மொதல்ல கழுவணும். அழுக்கு மேல எதப் போட்டாலும் அழுக்கத்தான் வளக்கறே.”

துணி துவைக்கும் சோப்பு ஏன் கூடாது என்று கேட்டோம். “சோப்பு காரம். தோலு புளிப்பு” என்றார். வேதியியல் படித்த நண்பரிடம் பிறகு கேட்டபோது அவர் இதையே அரைமணி நேரம் சொன்னார். குரோம் தோல் சற்று அமிலத்தன்மையில் நிலைபெற்றிருப்பது. காரம் அந்தச் சமனைக் குலைக்கும். மேற்பூச்சையும் மெல்ல அரிக்கும். வினிகரும் ஆல்கஹாலும் மேற்பூச்சுக்கு ஆகா. மிதமான ஷாம்புவில் அந்தத் தொல்லை இல்லை.

ஒரு கரண்டி ஷாம்புவைக் குவளையில் கலக்கி நுரை எழுப்பினார். துலக்கியில் நுரையை மட்டும் எடுக்க வேண்டும், தண்ணீரை அல்ல. தோலுக்கு ஈரம் காட்டலாம், குளிப்பாட்டக் கூடாது. ஓர் உள்ளங்கை அகலம் மட்டும் எடுத்துக்கொண்டு, சிறுசிறு வட்டமாக, அழுத்தாமல் தேய்த்து, நுரை காயும் முன்பே பிழிந்த ஈரத்துணியால் ஒற்றி, பிறகு உலர்துணி. அடுத்த உள்ளங்கை அகலம். தையலின்மீது குறுக்காகத் தேய்த்தால் நூல் பஞ்சாகும். நூலோடு நீளவாக்கில் போக வேண்டும். நடுவில் காற்றுப்பை இருக்கும் மூடிப் பக்கமும் பொத்தான்கள் பக்கமும் துலக்கியே போகக் கூடாது, துணி மட்டும். முதல் துணி டிக்காஷன் நிறமாயிற்று. இரண்டாவது தேநீர். நான்காவது துணியில்தான் வெண்மை தெரிந்தது. பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் கடிகார முள் நிற்குமிடம் எதுவோ அங்கேதான் அழுக்கு மிகுதி. பழைய உரிமையாளர் விதிப்படி ஓட்டியவர் என்று தெரிந்துகொண்டோம்.

மின்னல் போய்விட்டது. இளையவனுக்கு முகம் வாடிற்று. மங்கிப்போனதே, இப்போதாவது எண்ணெய் தடவலாமா என்றான்.

அப்பா சிரித்தார். “உள்ள போவாதுடா. இது பட்டைத்தோலு இல்ல, எண்ண குடிக்கறதுக்கு. குரோம் தோலு. அதுமேல கலரு அடிச்சி, கலருமேல கண்ணாடி மாதிரி ஒரு கோட்டு அடிச்சிருக்கு. நான் அடிச்ச கோட்டு அது. நீ தேய்க்கறது தோல இல்ல, கோட்ட.”

கார்த் தோல் பற்றிய அறிவுரைகள் பலவற்றில் பொய்த்துப்போவது இந்த இடம்தான். பழங்காலச் சேணத்துக்கும் பட்டைத்தோல் செருப்புக்கும் பொருந்திய எண்ணெய் வைத்தியத்தை, பாலியூரித்தேன் படலம் போர்த்திய தோலுக்கும் சொல்கிறார்கள். எண்ணெய் படலத்தின்மேல் நின்று தூசியைச் சேர்க்கும்; படலம் வெடித்த இடங்களில் நுழைந்து பூச்சை உரிக்கும். நீரை அடிப்படையாகக் கொண்ட தோல் காப்புக் குழம்புகள் கிடைக்கின்றன. கழுவி முழுதும் உலர்ந்தபின் மிளகளவு எடுத்து மெல்லியதாகத் தடவி, கால்மணி கழித்து எஞ்சியதைத் துடைத்தெடுத்துவிடலாம். கையில் வழுக்கல் மிஞ்சுமானால் அது ஸ்டீயரிங்குக்கு உரியதன்று.

கழுவிய தோலை உற்றுப் பார்த்த மூத்தவன், அதில் ஓடிய நுண்ணிய வரிகளைக் காட்டி, மாட்டின் தோல்வரி எவ்வளவு அழகு என்றான். அப்பா மறுத்துத் தலையசைத்தார். அது மாட்டின் வரி அல்ல. முள் கீறியதும் உண்ணி கடித்ததுமான இயற்கைத் தோலைத் தேய்த்துச் சமமாக்கி, பூச்சுப் பூசி, சூடான தட்டால் அழுத்தி வரியை அச்சிடுவார்களாம். “இது மிசினு போட்ட ரேகை” என்றார்.

அதைச் சொல்லிவிட்டுத் தம் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். நாங்களும் பார்த்தோம். நியாயவிலைக் கடைகளில் கைரேகைக் கருவி வந்ததிலிருந்து அப்பாவின் விரலை அது ஏற்றதில்லை. கட்டைவிரல், சுட்டுவிரல், இடக்கை, துணியால் துடைத்து மறுபடி. வரிசை பின்னால் முணுமுணுக்கும். பிறகு கைப்பேசிக்கு எண் வரவழைத்துப் பொருள் வாங்கி வருவார். வயதானால் ரேகை மங்கும் என்று கடைக்காரர் சொன்னதை நாங்களும் நம்பிவந்தோம். அன்று அந்தக் காருக்குள், முன்னிருக்கையின் நெருக்கத்தில்தான் அந்த விரல்நுனிகளை முதன்முதலாகக் கவனித்துப் பார்த்தோம். வழவழவென்று, வெளிறி, ஒரு கோடும் இல்லாமல் இருந்தன. இடக்கைச் சுட்டுவிரலில் ஆறிய பழைய புண்ணின் குழி. சுண்ணாம்பா குரோமா என்று கேட்டோம். “ரெண்டுந்தான்” என்று சொல்லி, துணிகளை அலசப் போய்விட்டார்.

அதன்பின் வீட்டில் சில வழக்கங்கள் ஏற்பட்டன. வாரம் ஒருமுறை வெறும் ஈரத்துணி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நுரைக் குளியல். வெயிலில் நிறுத்தினால் முன்கண்ணாடிக்கு மறைப்பு. மறந்தால் ஸ்டீயரிங்மீது ஒரு வெள்ளைத் துண்டு. கைத்தூய்மி பூசினால் நன்றாக உலர்ந்தபின்பே பிடிப்பது. உறை மாட்டுவதில்லை. உள்ளே வியர்வையும் மணலும் அடைந்து தோலைத் தேய்ப்பதோடு, தளர்ந்த உறை வளைவில் தனியே சுழலவும் கூடும். எங்களுக்கு ஒரு வளைவு போதும். மூத்தவன் கல்லூரியில் மரத்தடி இடத்துக்கு விண்ணப்பித்தும் பார்த்தான். அது கிடைக்கவில்லை.

சென்ற ஆண்டு சித்திரையில் ஸ்டீயரிங்கின் அடிவட்டத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் விட்டுப்போயிற்று. நூல் இற்றுவிட்டது. இருக்கைத் தையல் கடையில் பார்த்தவர், தோலையே முழுதும் உரித்துப் புதிதாகப் பொதிய வேண்டும் என்றார்; தையல் மட்டும் போட முடியாதாம். வீட்டில் அதைப் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கார்க்கதவைத் திறந்து, விட்டுப்போன இடத்தை விரலால் நீவிப் பார்த்தார்.

“ஓட்டை அப்பிடியேதான கீது. இதுக்கா கடை?”

பழைய பிஸ்கட் டப்பா ஒன்று அலமாரியின் அடியிலிருந்து வந்தது. அதில் ஊசிகள், மெழுகுக் கட்டி, சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர்ப் பட்டை. அந்த டப்பாவை இருபது ஆண்டுகளாக நாங்கள் பார்க்கவில்லை. வைத்திருந்தார் என்பதும் தெரியாது. செருப்புத் தைப்பவரிடம் கறுப்பு நைலான் நூல் வாங்கிவரச் சொன்னார். விரலில் ரப்பரைச் சுற்றிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் பக்கவாட்டாக, கால்களைத் தெருவில் ஊன்றி உட்கார்ந்தார். நூலின் இரு முனைக்கும் இரண்டு ஊசி. பழைய துளைகளிலேயே இடமும் வலமுமாக மாற்றி மாற்றிச் செருகி, நான்கு துளைக்கு ஒருமுறை இழுத்து இறுக்கினார். தோலின் இரு விளிம்பும் உதடுபோல் வந்து பொருந்தின.

புறநானூற்று 82ஆம் பாடல், ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், வெளியே மழை, பொழுதும் சாய்கிறது என்ற நெருக்கடியில் கட்டிலுக்கு வார் பிணிக்கும் ஒருவனின் கை ஊசியை, மன்னன் புரியும் போரின் விரைவுக்கு உவமையாக்குகிறது. ஈடற்ற உவமை. அந்தக் கையை அவ்வளவு கூர்ந்து நோக்கிய புலவர், கைக்குரியவனை இழிந்தவன் என்னும் பொருள்படும் சொல்லால்தான் குறித்திருக்கிறார். மூத்தவன் இந்தப் பாடலையும் வகுப்பில் நடத்தியிருக்கிறான். உவமையை மட்டும்.

அம்மா தைத்துக்கொண்டிருந்தபோது அவனுடைய துறைத்தலைவர் மாலை நடையில் அந்த வழியாக வந்தார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு அவருக்கு. நின்றார். காருக்குள் எட்டிப் பார்த்தார்.

“அம்மாவுக்கு இதெல்லாம் வருமா?”

கட்டில் ஒன்று அருகில் இருந்திருந்தால் எங்கள் கைகள் என்ன செய்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. இளையவன் அண்ணனைப் பார்த்தான்.

“ஷூவுக்கு மேல்தோல் தைச்சவங்க சார். அப்பா டேனரியில முப்பத்தாறு வருஷம்.”

“அப்படியா? நீங்க சொன்னதே இல்லையே” என்றார் அவர். மேற்கொண்டு என்ன சொல்வதென்று அவருக்கும் தெரியவில்லைபோலும். தம் காரிலும் ஸ்டீயரிங் ஒட்டுவதாகவும், யாரோ ஆலிவ் எண்ணெய் போடச் சொன்னதாகவும் அப்பாவிடம் சொல்லத் தொடங்கி, பேச்சோடு பேச்சாகக் கதவுப் பக்கம் இன்னும் நெருங்கினார்.

அம்மா தலை நிமிரவில்லை. “வெளிச்சம் மறைக்குது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றார்.

துறைத்தலைவர் தள்ளி நின்றார். நாங்களும் நின்றோம்.